அயல்நாட்டில் நம் அத்தாட்சிப் பத்திரங்கள்

ஒரு தேசத்து நாணயம் பிறிதொரு தேசத்துக் கடைவீதியில் செல்லாது என்பதைச் சிறுவரும் அறிவர். ஆனால் ஒரு தேசத்து அரசாங்க முத்திரை பெற்ற பத்திரமும் எல்லை கடந்தவுடன் அவ்வாறே மதிப்பிழந்து நிற்கும் என்பதைக் கற்றவருள்ளும் பலர் காலங்கடந்தே உணர்கின்றனர். சென்னைச் சர்வகலாசாலை வழங்கிய பட்டத்தை மதுரையிலோ மயிலாப்பூரிலோ ஒருவரும் ஐயுறார். அதே பட்டத்தை டொரான்டோ நகரத்து உத்தியோகஸ்தர் ஒருவரிடம் கொடுத்தால், "இக்கையொப்பம் யாருடையது? இம்முத்திரை மெய்யானதுதானா?" என்று அவர் வினவுவார். அவ்வினா நம்மை இழிவு செய்வதன்று. நம் துணைவேந்தரின் கையெழுத்தை அவர் தம் வாழ்நாளில் ஒருகாலும் கண்டதில்லை. காணாததை மெய்யென ஒப்புதல் அவர் கடமைக்கு ஒவ்வாது. அவ்வினாவுக்கு விடையளிக்க உலக நாடுகள் வகுத்துள்ள முறையையும், அம்முறை எதற்குச் சான்று பகர்கின்றது, எதற்குப் பகரவில்லை என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நந்தனத்தைச் சூழ வாழும் நமக்கு இவ்விஷயம் தொலைவிலுள்ளதன்று. நந்தனம் சந்திப்பினின்று புறப்பட்டால், பட்டங்கள் பிறக்குமிடமாகிய சேப்பாக்கத்துச் சர்வகலாசாலையும், சாந்தோமிலுள்ள பதிவுத்துறைத் தலைமைக் காரியாலயமும், போட் கிளப் சாலையிலுள்ள ஜெர்மானியத் தூதர் நிலையமும் நாலைந்து மைலுக்குள் அடங்கிவிடும். இம்மூன்றும் இக்கட்டுரையில் மீண்டும் வரும். நகலெடுக்கும் கடைகளின் முகப்பில் 'நோட்டரி', 'அட்டெஸ்டேஷன்', 'அப்போஸ்டில்' என்னும் பலகைகள் தொங்குதலையும் யாவரும் கண்டிருப்பர். மாணவர் பலர் இச்சொற்களின் பொருளறியாமலே பணஞ் செலுத்துகின்றனர். பணம் போனாலும் மீட்டுக்கொள்ளலாம். வேண்டாத முத்திரைக்கு அலைந்து, வேண்டிய முத்திரையைப் பெறாமல், கல்லூரி திறக்கும் நாளைத் தவறவிட்டவர் ஓராண்டினை இழக்கின்றார்.

முதலில் பழைய முறையைக் கூறுவோம். புதிய முறையின் அருமை அதனால் விளங்கும். முன்பின் அறியாத ஒருவரிடம் நாம் செல்லும்போது, நம்மையும் அவரையும் அறிந்த ஒருவரின் கடிதத்தைக் கொண்டு செல்லுகின்றோம். அத்தகைய நடுவர் ஒருவர் இல்லையெனில், நம்மை அறிந்தவர், அவரை அறிந்தவர், அவரையும் அறிந்தவர் எனச் சங்கிலி ஒன்று வேண்டியதாகும். பத்திரங்களுக்கும் இதுவே வழி. நோட்டரி என்னும் சான்றுறுதி அலுவலர் ஒப்பமிடுவார். அவர் ஒப்பத்தை மாநிலத் தலைமைச் செயலகத்தார் அறிவர். செயலகத்து உத்தியோகஸ்தரின் ஒப்பத்தைப் புதுதில்லி வெளியுறவு அமைச்சகத்தார் அறிவர். அமைச்சகத்தின் ஒப்பத்தைத் தில்லியிலுள்ள அயல்நாட்டுத் தூதரகத்தார் அறிவர். தம் தூதரகத்தின் முத்திரையை அவ்வயல்நாட்டார் அறிவர். இவ்வாறு கண்ணிமேற் கண்ணியாய் நீளும் முறைக்குச் சட்டஏற்பு என்று பெயர். இச்சங்கிலியில் ஒப்பமிடும் எவரும் பத்திரத்தினுள் எழுதியிருப்பது மெய்யோ பொய்யோ என ஆராய்வதில்லை என்பது கருதத்தக்கது. ஒவ்வொருவரும் தமக்கு முன் ஒப்பமிட்டவரின் கையெழுத்தை மட்டுமே பார்க்கின்றனர்.

இச்சங்கிலியை ஒரே கண்ணியாகச் சுருக்கியது 1961ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஒல்லாந்து தேசத்துத் தி ஹேக் நகரத்தில் முடிவான உடன்படிக்கையாகும். அது 1965 ஜனவரி 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பத்திரம் பிறந்த நாட்டில் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி ஒருவர், 'அப்போஸ்டில்' என்னும் ஒரேயொரு சான்றினை அதன்மீது ஒட்டிவிட்டால், உடன்படிக்கையில் சேர்ந்த மற்ற நாடுகளில் எந்தத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டுவதில்லை. இன்று நூற்றிருபதுக்கு மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்துள்ளன. இந்தியா 2004 அக்டோபரில் இசைவு தெரிவித்தது. 2005 ஜூலை 14 முதல் நமக்கு இது நடைமுறையாயிற்று. நம் மாணவரும் தொழிலாளரும் மிகுதியாகச் செல்லும் நாடுகளுள் சிங்கப்பூர் 2021 செப்டம்பரிலும், சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் இம்முறையைத் தழுவின. ஆகவே ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் இந்நாடுகளுக்குச் சென்ற தமையன்மாரின் அனுபவத்தை இன்று செல்லும் தம்பியர் அப்படியே பின்பற்றலாகாது.

அப்போஸ்டில் என்னும் பெயரைக் கேட்டவுடன், நம் கல்லூரியில் வேதபாடம் கேட்டோர்க்கு அப்போஸ்தலர் நினைவு வருதல் இயல்பே. இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அப்போஸ்தலர் என்பது 'அனுப்பப்பட்டவர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. இதுவோ, ஏட்டின் ஓரத்தில் எழுதும் குறிப்பைச் சுட்டும் பிரெஞ்சுச் சொல். எந்த நாடு எந்த மொழியில் இச்சான்றினை எழுதினாலும், அதன் தலைப்பு மட்டும் பிரெஞ்சு மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்பது உடன்படிக்கையின் விதி. வடிவம் சதுரம், பக்கம் ஒன்று 9 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. அதனுள் பத்து இலக்கமிட்ட வரிகள்: நாடு எது, பத்திரத்தில் ஒப்பமிட்டவர் யார், எப்பதவியில் இருந்து ஒப்பமிட்டார், எவருடைய முத்திரை உள்ளது, சான்றளித்த ஊர், நாள், சான்றளித்தவர், வரிசை எண், முத்திரை, ஒப்பம். சான்றளிக்கும் அதிகாரி ஒரு பதிவேட்டில் அந்த எண்ணைக் குறித்து வைத்தல் வேண்டும். ஐயுறும் அயல்நாட்டார் எண்ணைச் சொல்லி வினவினால் விடையளிக்கவும் வேண்டும். இந்தியாவில் இஃது எண்ணிட்ட ஒட்டுத்தாளாகப் பத்திரத்தின் பின்புறத்தில் ஒட்டப்பெறுகின்றது. அவ்வெண்ணைக் கணினி வழியே எவரும் சரிபார்க்கலாம்.

இப்பத்து வரிகளையும் ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒப்பம் மெய், ஒப்பமிட்டவரின் பதவி மெய், முத்திரை மெய் என மூன்றுக்கு மட்டுமே இச்சான்று பொறுப்பேற்கின்றது. பத்திரத்தின் உட்பொருள் மெய் என்று அது ஓரிடத்தும் கூறவில்லை. மாணவரும் பெற்றோரும், ஏன், சில முகவரும்கூட இவ்வேறுபாட்டை உணர்வதில்லை. 'அப்போஸ்டில் ஆகிவிட்டது, இனி யாரும் கேள்வி கேட்க முடியாது' என்று மகிழ்கின்றனர். பிறந்த தேதி பிழையாக எழுதப்பட்ட பத்திரத்தில் அப்போஸ்டில் ஒட்டினால், அப்பிழை ஓர் உயர்ந்த அதிகாரியின் முத்திரையுடன் கடல் கடக்கும், அவ்வளவே.

நகல்களின் நிலை இன்னும் நுட்பமானது. பட்டச் சான்றிதழை நகலெடுத்து, அதன்மீது நோட்டரியின் ஒப்பம் வாங்கி, அவ்வொப்பத்தின்மேல் அப்போஸ்டில் பெற்றால், அப்போஸ்டில் சான்று பகர்வது நோட்டரியின் கையெழுத்துக்கே அன்றி, சர்வகலாசாலையின் கையெழுத்துக்கு அன்று. இரண்டாம் வரியில் துணைவேந்தரின் பெயர் இராது. நோட்டரியின் பெயரே இருக்கும். அயல்நாட்டுக் கலாசாலைகள் பல 'மூலப் பத்திரத்தின்மேல் ஒட்டிய அப்போஸ்டிலே வேண்டும்' என வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். தமக்கு வேண்டுவது மூலமா நகலா என்பதைச் செல்லும் கலாசாலையில் எழுத்து மூலம் கேட்டறிந்த பின்னரே மாணவர் புறப்படுதல் நலம்.

முத்திரை வேறு, உண்மையை ஆராய்தல் வேறு என்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதல் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைத் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அளித்தான். அச்செய்தியை அவன் மைந்தன் இராசேந்திரன் செப்பேடுகளில் பொறிப்பித்தான். பிற்காலத்தில் ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் அவை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. ஏடுகள் 21, அவற்றைக் கோத்த பெரிய வளையத்தில் சோழ முத்திரை. வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டைக் கழற்றவும் முடியாது, செருகவும் முடியாது. ஆணை அரசனுடையதே என்பதற்கு அம்முத்திரை சான்று. ஆனால் ஆனைமங்கலத்தின் எல்லை இன்னது என்பதை முத்திரையைக் கொண்டு முடிவு செய்தாரல்லர். பெண் யானை ஒன்றை ஊரெல்லை வழியே நடத்தி, எல்லைக்கு அடையாளம் நாட்டியதைச் செப்பேடே விரித்துரைக்கின்றது. ஆணைக்கு முத்திரை, எல்லைக்கு யானை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் இக்காலத்ததே போலும்.

இனி, எப்பத்திரத்துக்கு அப்போஸ்டில் கிடைக்கும்? பொதுப்பத்திரம் என உடன்படிக்கை கூறுவன நான்கு வகை: நீதிமன்றத்தைச் சார்ந்தவை, ஆட்சித் துறையினர் வழங்குபவை, நோட்டரியின் ஆவணங்கள், தனியார் ஒப்பமிட்ட பத்திரத்தின்மேல் அதிகாரிகள் இடும் சான்றுகள். மாநகராட்சி வழங்கும் பிறப்புச் சான்றிதழ், அரசுத் தேர்வுத் துறையின் மதிப்பெண் பட்டியல், சர்வகலாசாலையின் பட்டம் ஆகியன இவற்றுள் அடங்கும். தூதர் நிலையத்தார் தாமே எழுதிக்கொடுக்கும் பத்திரங்களும், வாணிபம், சுங்கம் இவற்றை நேரே பற்றிய ஆட்சித்துறைப் பத்திரங்களும் இவ்வுடன்படிக்கைக்குப் புறம்பு.

இவ்விடத்தில் திருச்சபைப் பதிவேடுகளைப் பற்றிச் சிறிது கூறுதல் நம் வாசகர் பலர்க்குப் பயன்படும். நம் பாட்டனார் காலத்தில் ஞானஸ்நானச் சான்றிதழே பிறப்புக்குச் சான்றாக எங்கும் வழங்கிற்று. குருவானவரின் கையெழுத்தை ஊரறியும். அரசாங்க உத்தியோகஸ்தரும் அறிந்திருந்தனர். ஆனால் குருவானவர் அரசாங்க அதிகாரி அல்லர். ஆதலின் அவர் தரும் ஞானஸ்நானச் சான்று தனித்து நிற்கும்போது பொதுப்பத்திரம் ஆகாது. ஆலயத்தில் நிகழ்ந்த விவாகத்தின் நிலை வேறு. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டத்தின்படி, விவாகம் நடத்தி வைப்போர் அதன் பதிவினை அரசாங்கப் பதிவாளருக்கு அனுப்புதல் வேண்டும். அவ்வாறு சென்றடைந்த பதிவினின்று, மேலே கூறிய சாந்தோம் காரியாலயத்தில் சான்றிட்ட நகல் பெற்றால், அது பொதுப்பத்திரமாகும். ஆலயத்தில் பெற்ற அழகிய விவாகச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் தம்பதியர், மனைவியின் விசாவுக்கென அதனைக் கழற்றிக்கொண்டு அலைவதைக் கண்டுள்ளோம். அவர்க்கு வேண்டுவது சுவரில் உள்ளதன்று, பதிவேட்டில் உள்ளது.

நம் ஊரில் நடைமுறை யாதெனின், மூலப் பத்திரத்தை முதலில் மாநில அரசாங்கத்தின் உரிய துறையார் சரிபார்த்து ஒப்பமிடுதல் வேண்டும். கல்விப் பத்திரத்துக்குக் கல்வித் துறையைச் சார்ந்தவர், பிறப்பு, விவாகம் முதலிய தனிப்பட்ட பத்திரத்துக்கு மாநிலச் செயலகத்தார், வாணிபப் பத்திரத்துக்கு வர்த்தக சங்கத்தார் எனப் பிரித்து வைத்துள்ளனர். அவ்வொப்பத்தின் மாதிரி வெளியுறவு அமைச்சகத்திடம் இருக்கும். அதனோடு ஒப்பிட்டு அமைச்சகத்தார் அப்போஸ்டில் ஒட்டுவர். முன்னர் எல்லாப் பத்திரமும் தில்லிக்கே செல்ல வேண்டியிருந்தது. 2019 ஜனவரி முதல் சென்னை உள்ளிட்ட பல நகரங்களிலுள்ள அமைச்சகக் கிளைகளுக்கு அவ்வதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்டது. அரசாங்கக் கட்டணம் பத்திரம் ஒன்றுக்கு ரூபாய் 50 மட்டுமே. 2012 ஜூலை முதல் பத்திரங்களை மக்களிடம் நேரே வாங்காமல், அமைச்சகம் நியமித்த முகவர் நிறுவனங்கள் வழியாகவே பெறுகின்றனர்; அந்நிறுவனங்களின் கூலி தனி. நியமனம் பெற்றவர் யாவர் என்பது அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில் உள்ளது. கடைப்பலகையைப் பார்த்து நம்புவதைவிட அப்பட்டியலைப் பார்த்து நம்புதல் நன்று.

ஒரு சிறு குறிப்பு. பட்டம் பெற்றவுடன் அதற்குப் பளபளப்பான பிளாஸ்டிக் உறை போட்டு லாமினேஷன் செய்தல் நம் மக்களுக்கு ஒரு விருப்பம். ஒப்பமும் முத்திரையும் காகிதத்தின்மேல் பதிதல் வேண்டும், பிளாஸ்டிக்கின்மேல் பதியா. அன்பினால் உறையிட்ட பட்டத்தை உரிக்கப் போய்க் கிழித்துக்கொண்டோர் உளர். பட்டத்தைக் காகித உறையில் வைத்துக் காத்தலே போதும்.

இனி நாம் கூறப்போவது தமிழர்க்கே சிறப்பாக உரிய இடர். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துக்கொள்ளுகின்றோம். சிலர் ஊரின் முதலெழுத்தையும் சேர்க்கின்றனர். இவ்வழக்கம் நமக்கு மிக வசதியானது. சாதிப் பெயரைப் பின்னொட்டாக இடாமல் விடுதற்கும் துணை நின்றது. ஆனால் அயல்நாட்டுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உள்ளன. இரண்டையும் நிரப்பச் சொல்லுகின்றனர். கடவுச்சீட்டில் முதலெழுத்தை மட்டும் இட விதியில்லை. விரித்து எழுதல் வேண்டும். பள்ளிச் சான்றிதழிலோ ஒற்றை எழுத்து. பிறப்புச் சான்றிதழிலோ பல வேளைகளில் குழந்தையின் பெயரே இல்லை. தாய் தந்தையர் பெயர் மட்டுமே. பட்டத்தில் முதலெழுத்து முன்னே. கடவுச்சீட்டில் தந்தை பெயர் பின்னே. பத்திரம் நான்கு, மனிதன் ஒருவன், பெயரோ நான்கு வகை. தமிழர் ஒருவர் இவற்றைப் பார்த்தால் நொடியில் ஒன்றெனத் தெளிவார். ஒட்டாவாவில் இருப்பவர்க்கு நான்கு மனிதர் தோன்றுவர்.

இதன் விளைவு விளையாட்டன்று. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தார், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோரைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என அறிவித்தனர்; கடவுச்சீட்டில் தந்தை பெயர் காணப்படின் ஏற்கலாம் எனப் பின்னர்த் தளர்த்தினர். ஊர்ப்பெயர்களும் இவ்வாறே இடர் தருவன. 1969 வரை நம் மாநிலம் சென்னை மாநிலம். 1996 வரை நம் நகரம் ஆங்கில எழுத்தில் மெட்ராஸ். மூத்த பழைய மாணவர் ஒருவரின் பிறப்பிடம் ஒரு பத்திரத்தில் மெட்ராஸ், மற்றொன்றில் சென்னை என்றிருப்பின், இரண்டும் ஒன்றே எனப் பிரமாணப் பத்திரம் எழுதியாக வேண்டும். அப்போஸ்டில் இவ்வேற்றுமைகளுள் ஒன்றையும் நீக்காது. ஒவ்வொரு பத்திரத்தையும் தனித்தனியே மெய்யெனச் சொல்லி, வேற்றுமையை நன்றாக வெளிச்சமிட்டுக் காட்டிவிடும்.

ஆதலின் பரிகாரம் முத்திரைக்கு முன்னரே தேடற்பாலது. பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் விடுபட்டிருந்தால் பின்னர்ச் சேர்த்தற்கு 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இடமளிக்கின்றது; பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதன்பின் விதித்த காலத்துக்குள் சிறு கட்டணத்துடனும் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1ஆம் நாளும் அதன் பின்னும் பிறந்தோர்க்குப் பிறந்த நாளையும் இடத்தையும் நிறுவ, கல்லூரிச் சேர்க்கை முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே நம் இளம் பேராசிரியர்கள் தம் குழந்தையின் பெயரை இன்றே பதிவேட்டில் எழுதுவித்தல் வேண்டும். பெயரையே மாற்றிக்கொள்ள விரும்புவோர் தமிழ்நாடு அரசிதழில் அறிவித்தல் வழக்கம்; அவ்விதழின் பக்கமும் பத்திரங்களோடு உடன் செல்லுதல் வேண்டும். மாணவர் தம் பள்ளி இறுதிச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் அருகருகே வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய காலம் முதலாம் ஆண்டு. இறுதியாண்டின் ஏப்ரல் மாதமன்று.

உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்கு மேலே கூறிய நீண்ட சங்கிலியே இன்றும் வழி. கத்தார், மலேசியா முதலியன இவ்வகையின. அந்நாடுகளுக்குச் செல்வோர் அமைச்சகத்தின் ஒப்பத்துக்குப் பின் அந்நாட்டுத் தூதரக ஒப்பமும் பெறுதல் வேண்டும்.

ஆனால் நம் சிந்தனைக்கு மிகுந்த இரை தருவது ஜெர்மானிய தேசத்தின் நிலை. அந்நாடும் உடன்படிக்கையில் உள்ளது, இந்தியாவும் உள்ளது. எனினும் புதிதாகச் சேரும் நாட்டைப் பற்றி மறுப்புத் தெரிவிக்கும் உரிமையை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு தருகின்றது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மானியர் அம்மறுப்பைத் தெரிவித்தனர். ஆகவே இவ்விரு நாடுகளுக்கிடையே அப்போஸ்டில் செல்லாது. பழைய சங்கிலி வழியே செல்லலாமோ எனின், இந்தியப் பத்திரங்களுக்குச் சட்டஏற்பு வழங்குவதையும் ஜெர்மானியத் தூதர் நிலையங்கள் நிறுத்தி வைத்துள்ளன. பின் என்ன செய்கின்றனர்? ஜெர்மனியிலுள்ள அலுவலகம் வேண்டுமென்று கேட்கும்போது, தம் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞர் முதலியோரைக் கொண்டு, பத்திரம் பிறந்த இடத்துக்கே சென்று பதிவேட்டைப் பார்த்து, பத்திரத்தின் உட்பொருளை ஆராய்கின்றனர். அதற்கு மாதங்கள் செல்லும், செலவு விண்ணப்பித்தவருடையது. கல்விப் பத்திரத்துக்கும் அவ்வாறே: 2022 நவம்பர் 1 முதல் ஜெர்மனிக்கு மாணவர் விசா வேண்டுவோர் புதுதில்லியிலுள்ள ஏ.பி.எஸ். என்னும் கல்விச் சான்று ஆய்வு நிலையத்தில் தம் பத்திரங்களைச் சோதிப்பித்துச் சான்று பெறுதல் வேண்டும் என விதித்தனர்.

சிலர் இதனை நம்மை அவமதிப்பதாகக் கொண்டு சினக்கின்றனர். யாம் அவ்வாறு கருதவில்லை. மாணவர்க்கு இடர் மிகுதி என்பது மெய். நேர்மையாகக் கற்றவரும் மற்றவர் செய்த போலிப் பத்திரங்களுக்காகக் காத்திருத்தல் வருந்தத்தக்கதே. ஆயினும் முத்திரை மெய்யாயிருந்தும் உட்பொருள் பொய்யாயிருத்தல் கூடும் என்னும் ஐயம் அறிவுக்கு ஒவ்வாததன்று. போட் கிளப் சாலையில் இருப்போர் கேட்பது நம் இலச்சினையை அன்று, ஆனைமங்கலத்து யானையை. அங்குச் செல்லக் கருதும் நம் மாணவர், அப்போஸ்டிலுக்கெனப் பணம் வாங்க முன்வரும் கடைக்காரரிடம் பணமளிக்காதிருப்பாராக. ஜெர்மனிக்கு அது வீண். ஏ.பி.எஸ். சான்றுக்கு எவ்வளவு முன்னரே விண்ணப்பித்தாலும் அது மிகையாகாது.

இறுதியாக, எதிர்த்திசையில் வரும் பத்திரங்களைப் பற்றிப் பழைய மாணவர் பொருட்டுச் சில கூறுவோம். நந்தனத்திலோ அடையாற்றிலோ தந்தையார் விட்டுச் சென்ற வீட்டினை விற்கவோ வாடகைக்கு விடவோ, நியூ ஜெர்சியில் வாழும் மகனார் தம் தங்கைக்கு அதிகாரப் பத்திரம் அனுப்ப விரும்புகின்றார் எனக் கொள்வோம். இவருக்கு இரு வழிகள் உள. ஒன்று, அங்குள்ள இந்தியத் தூதர் நிலையத்துக்கு நேரே சென்று, அதிகாரியின் முன்னிலையில் ஒப்பமிடுதல். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றன்படி நம் தூதர் நிலைய அதிகாரிகள் நோட்டரிக்குரிய செயல்களைச் செய்யலாம். அவர்தம் முத்திரையை நம் நீதிமன்றங்கள் தனிச் சான்று கேளாமலே ஏற்கும். இதற்கு அப்போஸ்டில் வேண்டுவதில்லை. மற்றொன்று, அந்நாட்டு நோட்டரியின் முன் ஒப்பமிட்டு, அந்நாட்டு அதிகாரியிடம் அப்போஸ்டில் பெறுதல். அமெரிக்காவில் அவ்வதிகாரி பெரும்பாலும் அந்தந்த மாநிலச் செயலாளர். சிங்கப்பூரில் சிங்கப்பூர்ச் சட்டக் கழகம். பிரிட்டனில் வெளியுறவு அலுவலகம். இந்தியாவில் வசியாதவர் எழுதும் அதிகாரப் பத்திரத்தை நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, இந்தியத் தூதர் நிலைய அதிகாரி முதலியோருள் ஒருவர் உறுதிப்படுத்தலாம் என 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு கூறுகின்றது. இரு வழியும் சட்டத்துக்கு இயைந்தனவே. சார்பதிவாளர் காரியாலயங்களில் நெடுங்காலம் பழகிய முத்திரை தூதர் நிலையத்தது ஆகையால், அருகில் தூதர் நிலையம் உள்ளவர்க்கு முதல் வழியையே யாம் பரிந்துரைப்போம்.

எவ்வழியே வந்தாலும், அயல்நாட்டில் எழுதிய அப்பத்திரத்துக்கு, அது இந்தியாவை அடைந்த நாள் முதல் மூன்று மாதத்துக்குள் இங்கு முத்திரைத் தீர்வை செலுத்துதல் வேண்டும். தங்கையார் அதனை மாவட்டப் பதிவாளர் காரியாலயத்துக்குக் கொண்டு சென்றால் தீர்வையைக் கணித்துப் பெற்றுக்கொள்வர். தபாலில் வந்த உறையைப் பலர் கிழித்து எறிந்துவிடுகின்றனர். மூன்று மாதம் எந்நாளினின்று தொடங்கிற்று என்பதை நிறுவ அத்தபால் முத்திரையே துணை செய்யும்; அவ்வுறையையும் பத்திரத்தோடு சேர்த்து வைப்பாராக.